புது லோடு வண்டி வாங்கும்போது ஷோரூம் சொல்லும் விலை: வேலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டிக்காரர்கள். ஆம்பூர், பேரணாம்பட்டுக்குத் தோல் ஏற்றுகிறவர்கள், குடியாத்தத்துத் தீப்பெட்டி லோடு அடிப்பவர்கள், விடியற்காலை நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய் இறக்குபவர்கள், ஆரணி அரிசி ஏற்றுபவர்கள். மார்ச் மாதம் கணக்கு முடிக்க ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். அதில் ஷோரூம் பேப்பரும் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, "அண்ணா, இந்த 12,500 எதுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்பேன். "அதுவா, அது ஆன்-ரோடுல சேர்ந்ததுப்பா" என்பார். ஆன்-ரோடு என்றால் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து வண்டி ரோட்டில் இறங்கும்போது ஆகும் விலை. வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகியிருக்கும். அந்தக் காசு ஒரு மாதத் தவணையில் பாதி.

வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஷோரூம்ல "ஆன்-ரோடு பத்தரை லட்சம்"னு ஒரே தொகையா சொல்றாங்க. அதுக்குள்ள என்னென்ன இருக்கு?

அந்த ஒற்றைத் தொகையை வைத்து யாரிடமும் பேரம் பேசாதீர்கள். வரி வரியாகப் பிரித்து, ஷோரூம் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லும் வாட்ஸ்அப்பில் வரும் "பெஸ்ட் பிரைஸ்" படமும் நாளைக்கு எதற்கும் உதவாது.

போன வருடம் காட்பாடிக்காரர் ஒருவர் பிக்கப் எடுக்கப் போனபோது கொடுத்த கொட்டேஷன் இது: எக்ஸ்-ஷோரூம் (இன்சூரன்ஸ், பதிவு சேராத வண்டி விலை) 8,92,000. இன்சூரன்ஸ் 58,500. வரி, ரெஜிஸ்ட்ரேஷன், இதரச் செலவு எல்லாம் சேர்த்து ஒரே வரியில் 46,000. ஹேண்ட்லிங் 12,500. அக்சஸரீஸ் கிட் 18,000. பர்மிட் 6,500. கூடுதல் வாரன்டி 14,000. ஃபாஸ்டேக் 600. மொத்தம் 10,48,100. அதன் கீழே பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு "ஸ்பெஷல் டிஸ்கவுன்ட் 20,000" என்று எழுதியிருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தோஷம்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ஒவ்வொரு வரிக்கும் யார் ரசீது தருவார்கள்? வண்டி விலைக்குக் கம்பெனி இன்வாய்ஸ் உண்டு. இன்சூரன்ஸுக்குப் பாலிசி உண்டு. வரிக்கும் பதிவுக்கும் அரசாங்க ரசீது உண்டு. ஹேண்ட்லிங்குக்கு? பர்மிட்டுக்கு? அந்த இரண்டு வரியும் கிட்டும் போய், இன்சூரன்ஸை வெளியில் எடுத்ததும் அவருக்கு மிஞ்சியது 20,000-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். தள்ளுபடி என்று வட்டம் போட்ட தொகை, முதலில் ஏற்றி வைத்ததிலிருந்தே எடுத்துக் கொடுத்தது.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் கட்டித்தான் ஆகணுமா?

வேண்டாம். வண்டியைக் கம்பெனி யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, உங்கள் கையில் கொடுப்பது டீலரின் வேலை. கம்பெனி அவருக்கு விடும் மார்ஜினே அதற்காகத்தான். பதிவு செய்ய அரசாங்கம் வாங்கும் கட்டணங்களில் இப்படி ஒரு பெயரே இல்லை. "எல்லாரும் கட்டுறாங்க சார்" என்பார்கள். "சரி, எந்த விதிப்படின்னு கொட்டேஷன்லயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை அந்த வரி அங்கேயே அடிபட்டுவிடும், இல்லாவிட்டால் பாதியாகும்.

குட்டி யானைக்குப் பர்மிட் காசு கேக்குறாங்களே?

மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்ந்து 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு விலக்கு கொடுத்திருக்கிறது. குட்டி யானை என்கிற டாடா ஏஸ் அந்த வரம்புக்குள் வரும் வண்டி. கம்பெனி கொடுக்கும் விவரத் தாளில் மொத்த எடை அச்சாகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 3,000-க்கு மேல் போனால் பர்மிட் உண்மையிலேயே வேண்டும். அப்போதும் அது அரசாங்கக் கட்டணம், ரசீது வரும்.

அதேபோல, பாடியோடு முழுசாகக் கட்டி வரும் புது வண்டிக்கு முதல் 2 வருடம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இருப்பதாகவே கணக்கு. "எஃப்.சி. செலவு" என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே டீலர் மூலம் வண்டியோடு தர வேண்டும் என்பதும் விதி. நம்பர் பிளேட்டுக்குத் தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

அக்சஸரீஸ் கிட் இல்லாம வண்டி டெலிவரி கிடையாதுன்னு சொல்றாங்க.

தார்ப்பாய், மேட், சீட் கவர், மட்கார்டு, ஒரு சாமி ஸ்டிக்கர். இதுதான் கிட். வெளியில் விலை விசாரித்துவிட்டுப் போங்கள். எனக்குத் தெரிந்தவர் 18,000 ரூபாய்க் கிட்டில் தேவையானதை மட்டும் வெளியில் 5,500-க்கு வாங்கினார். சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டிய ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி எதுவும் கிட்டில் வராது. அவை வண்டியோடு வர வேண்டியவை.

இன்சூரன்ஸ் அங்கேயே எடுத்தாதான் வண்டி தருவோம்னு சொன்னா?

அப்படிக் கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமை இல்லை. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கு, இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017-லேயே தனி வழிகாட்டு விதி கொண்டுவந்துவிட்டது. எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம்.

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பேரம் பேசுவது சுலபம். பாலிசியில் இரண்டு பங்கு உண்டு. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பங்கை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது ஒன்றுதான். 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், வாடகைக்கு ஓடும் 7,500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். அதற்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைந்தது. மீதிப் பங்கு நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கானது. அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வரும், தள்ளுபடியும் அதில்தான். டீலரின் கமிஷனும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஷோரூம் கொடுத்த பாலிசி மாதிரியை வாங்கி, அதே வண்டி மதிப்புக்கு, அதே கூடுதல் பாதுகாப்புகளோடு வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். மதிப்பைக் குறைத்துப் போட்டு "எங்களுது சீப்" என்று காட்டும் வேலையும் நடக்கிறது. புது வண்டிக்கு, முதல் ஆறு மாதத்தில், விலையில் 5 சதவீதம் கழித்து மதிப்பு போடுவது வழக்கமான கணக்கு. அதைவிடக் கீழே இறங்கினால் நாளைக்கு விபத்து நேர்ந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். காருக்கு 3 வருட மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம் என்பதைச் சொல்லி லோடு வண்டிக்கும் 3 வருடம் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். சரக்கு வண்டிக்கு வருடா வருடம்தான்.

வண்டி உங்கள் பெயரில் இருந்தால் 15 லட்சத்துக்கு உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் சேர்ப்பார்கள். அது உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால் திரும்பக் கட்ட வேண்டியதில்லை.

ஆர்.டி.ஓ. செலவு உண்மையில எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்தக் கேள்விக்கான பதில் உங்கள் செல்போனில் இருக்கிறது. பதிவுக்கான படிவம் 20-ல் செல்போன் நம்பர் எழுதும் இடம் உண்டு. பல ஷோரூம்களில் அந்த இடத்தில் தங்கள் ஆளின் நம்பரை எழுதிவிடுகிறார்கள். கேட்டால் "ஓ.டி.பி. வரும் சார், உங்களுக்குத் தொந்தரவு" என்பார்கள். அந்தத் தொந்தரவு நமக்கு வேண்டும். நம்முடைய நம்பர் இருந்தால்தான் என்ன கட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி நமக்கு வரும். அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் ரசீதை நாமே எடுக்கவும் முடியும்.

பதிவுக் கட்டணம் பெரிய தொகை கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதிப்படி இலகு ரக வாடகை வண்டிக்கு 1,000 ரூபாய், கனரக சரக்கு வண்டிக்கு 1,500. கடனில் எடுத்தால் ஹெச்.பி. போடுவதற்கு (ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரை ஏற்றுவதற்கு) இலகு ரகத்துக்கு 1,500, கனரகத்துக்கு 3,000. ஸ்மார்ட் கார்டுக்கு 200. மீதி எல்லாம் மாநில வரி. அது எடையைப் பொறுத்து மாறும். பெரிய லாரிகளுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. அதனால்தான் "வரி, ரெஜிஸ்ட்ரேஷன், இதரம்" என்று ஒரே வரியில் எழுத விடாதீர்கள் என்கிறேன். வரி தனி, கட்டணம் தனி, ஏஜென்ட் கூலி தனி என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஏஜென்டுக்கு நியாயமான கூலி கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் நாலு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைகிறார். அந்தக் கூலியை அரசாங்கக் கட்டணம் என்று பெயர் மாற்றி வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜி.எஸ்.டி. குறைஞ்சதுன்னாங்களே, விலையில அது வந்துச்சான்னு எப்படிப் பாக்கறது?

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை 7,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 8,96,000 ஆகியிருக்கும், இப்போது 8,26,000. எழுபதாயிரம் வித்தியாசம். மின்சார வண்டிக்கு முன்பும் இப்போதும் 5 சதவீதம்தான்.

இன்வாய்ஸில் வரிக்கு முந்தைய விலை தனியாகவும், மத்திய வரி 9, மாநில வரி 9 என்று தனியாகவும் இருக்கும். அந்த முந்தைய விலையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் டீலரின் கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். குறைந்த வரியையே "எங்க ஆஃபர் 70,000" என்று பேனர் கட்டியவர்களையும் பார்த்தேன். அரசாங்கம் குறைத்தது அவருடைய தள்ளுபடி ஆகாது. அதற்குமேல் அவர் என்ன தருகிறார் என்று கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. நம்பர் வைத்திருப்பவர்கள் அதை இன்வாய்ஸில் ஏற்றச் சொல்ல மறக்க வேண்டாம். சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைத் தங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் உள்வரியாக எடுத்துக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பு பலருக்கு உண்டு. டெலிவரிக்குப் பிறகு பில்லை மாற்றச் சொல்லி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய ஸ்டாக்கைப் புதுசுன்னு தலையில கட்டுவாங்களா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

கட்டுவார்கள். என் மச்சானுக்கே கட்டினார்கள். 2023 ஜூன் மாதம் ஒரு பிக்கப் எடுத்தார். எடுத்த அன்று நான் ஊரில் இல்லை. ஒரு வாரம் கழித்து வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்தேன். சேசிஸ் (அடிச்சட்டம்) பட்டையில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் வழித்துவிட்டு, வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். நம்பர் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. பதினேழில் பத்தாவது எழுத்து "என்" (N). அதாவது 2022-ல் தயாரானது. 2023 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் இரண்டாம் கட்டம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய வண்டிகளைத் தள்ளிவிட எல்லா ஷோரூமும் அவசரப்பட்ட நேரம் அது. மச்சான் கொடுத்தது புது வண்டி விலை. தேய்த்த தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விற்கும்போது தயாரிப்பு வருடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

பெரும்பாலான கம்பெனிகளின் சேசிஸ் நம்பரில் பத்தாவது எழுத்துதான் வருடம். "பி" (P) 2023, "ஆர்" (R) 2024, "எஸ்" (S) 2025, "டி" (T) 2026. நடுவில் "ஓ", "கியூ" போன்ற எழுத்துகளை விட்டுவிடுவார்கள். இதை வைத்து முதல் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். உறுதியான ஆதாரம் வேண்டுமானால் விற்பனைச் சான்றான படிவம் 21-ஐக் கேளுங்கள். தயாரித்த மாதம், வருடம் இரண்டும் அதில் எழுத வேண்டும். ஆர்.சி.யிலும் வரும். முழுப் பணம் கட்டுவதற்கு முன்பே சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, யார்டுக்குப் போய் அதே வண்டியை நேரில் பாருங்கள். டயரில் புல் முளைத்த தடம், வெயிலில் வெளிறிய ரப்பர், பேட்டரி மேல் உள்ள தேதி, எல்லாம் கதை சொல்லும்.

பெரிய லாரி எடுப்பவர்களுக்கு இன்னொரு அடையாளமும் இருக்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவற்றுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். ஏ.சி. இல்லாத கேபினோடு "புது ஸ்டாக்" என்று ஒருவர் காட்டினால், அந்தத் தேதிக்கு முன்னால் தயாரானது அது.

பழைய ஸ்டாக்கே வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடாத வண்டிதானே. ஆனால் அதற்கு ஏற்ற தள்ளுபடியை எழுத்தில் வாங்குங்கள், புது பேட்டரி போடச் சொல்லுங்கள், வாரன்டி டெலிவரி தேதியிலிருந்து தொடங்கும் என்று எழுதச் சொல்லுங்கள்.

சேசிஸ் மட்டும் எடுத்து வெளியில பாடி கட்டறேன். அதுல என்ன பார்க்கணும்?

நாமக்கல், திருச்செங்கோடு என்று பாடி கட்டப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. டீலர் "நாங்களே கட்டித் தர்றோம்" என்று ஒரு தொகை சொன்னால், எந்தப் பட்டறை, என்ன தகடு, எத்தனை அடி என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே பட்டறைக்கு நேரடியாக போன் போட்டு விலை கேளுங்கள். பாடி கட்டியவர் தரும் படிவம் 22-ஏ இல்லாமல் பதிவுக்குப் போக முடியாது. அதைப் பட்டறையிலிருந்து கிளம்பும்போதே கையில் வாங்குங்கள்.

"அறுபது பைசா வட்டிதான்"னு சொல்றாங்க. குறைவுதானே?

இல்லை. விலையில் ஏமாறுவதைவிட அதிகமாக இங்கே ஏமாறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

8 லட்சம் கடன், 48 மாதம், நூற்றுக்கு அறுபது பைசா. மாதம் 4,800 வட்டி, 48 மாதத்துக்கு 2,30,400. மொத்தம் 10,30,400. தவணை ஏறத்தாழ 21,467. நீங்கள் மாதா மாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 8 லட்சத்துக்கும் ஓடுகிறது. மூன்றாவது வருடம் பாதி அசலுக்கு மேல் கட்டி முடித்த பிறகும் அதே 4,800. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் இது வருடத்துக்கு 13 சதவீதம். பக்கத்து வங்கி "11 சதவீதம்" என்றால், காதுக்கு அது அதிகமாகவும் அறுபது பைசா குறைவாகவும் கேட்கும். உண்மை நேர்மாறு.

இதற்காகவே ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் ஒரு தாளைக் கட்டாயமாக்கியது. முக்கிய விவர அறிக்கை என்பார்கள், கே.எஃப்.எஸ். என்று கேட்டால் புரியும். கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வருடாந்திர உண்மை வட்டி என்ன என்று அதில் சதவீதமாக எழுத வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், ஆகவே தமிழில் கேட்க உரிமை உண்டு. அதில் எழுதாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்கக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஷோரூமிலேயே மேசை போட்டிருக்கும் ஃபைனான்ஸ்காரர் டீலருக்குக் கமிஷன் கொடுப்பவர். "ரெடி கேஷ்னா டிஸ்கவுன்ட் இல்ல, லோன்னா 25,000 டிஸ்கவுன்ட்" என்று சொல்வதன் சூட்சுமம் அதுதான். "முன்பணமே வேண்டாம்" என்பதிலும் அந்த முன்பணம் எங்கேயோ விலைக்குள் ஏறியிருக்கிறது.

"இன்னைக்கே புக் பண்ணுங்க, நாளைக்கு விலை ஏறிடும்"னு அவசரப்படுத்தறாங்க.

ஜனவரியிலும் ஏப்ரலிலும் கம்பெனிகள் விலை ஏற்றுவது உண்டு, முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் புக்கிங் ஃபாரத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் "டெலிவரி அன்றைய விலை" என்று இருந்தால், இன்று புக் செய்வதால் உங்களுக்கு லாபம் இல்லை. "இன்றைய விலையே கடைசி விலை" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். சின்னத் தொகையாக, வங்கி வழியாக. ரத்து செய்தால் எவ்வளவு நாளில் திரும்ப வரும் என்றும் எழுதி வாங்குங்கள்.

சித்தூர்ல விலை குறைவுன்னு சொல்றாங்க. அங்க எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் நம் ஊரில் வீடும் தொழிலும் இருப்பவர் இங்கேதான் பதிவு செய்ய வேண்டும், வரியும் தமிழ்நாட்டு வரிதான். தற்காலிகப் பதிவு போட்டுக் கிறிஸ்டியான்பேட்டை வழியாகக் கொண்டுவந்து, வேலூர் நம்பரான டி.என். 23 வாங்கும்வரை ஆகும் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கொட்டேஷனின் பெரிய உபயோகம், அதை வேலூர் டீலர் மேசையில் வைப்பதுதான். ராணிப்பேட்டை, திருவண்ணாமலை டீலர்களிடமும் ஒன்று வாங்கி வையுங்கள்.

பத்து லட்சத்துக்கு மேல போனா ஒரு சதவீதம் தனியா கேக்குறாங்க. அதுவும் ஏமாத்தா?

அது இல்லை. வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, வசூலிக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். உங்கள் பான் நம்பரில் ஏறும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். அதற்கான சான்றை டீலரிடம் கேட்டு வாங்குங்கள். அதேபோல 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக அவர் வாங்கக் கூடாது. "கேஷா குடுத்தா பில்லுல குறைச்சுக்கலாம்" என்பவரிடம் மாட்டினால், பிறகு உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

ஏமாந்துட்டேன். லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு டீலரே சொல்றார்.

அவர் சொல்வதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். தன் பிழைப்புக்காக, தானே உழைத்துச் சம்பாதிக்க வாங்கிய பொருள் வியாபார நோக்கத்தில் சேராது என்று 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாகச் சொன்னது: லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றும் அதிலேயே உண்டு. பத்து லாரி வைத்து நடத்துபவருக்கு இது பொருந்தாது. ஒரு வண்டிக்காரருக்குப் பொருந்தும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். ஆர்.டி.ஓ. கட்டணம் என்று சொல்லி அதிகம் வாங்கியிருந்தால், கொட்டேஷனையும் அரசாங்க ரசீதையும் சேர்த்து வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பிறகு டீலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம். வண்டி சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது, அதையும் மனுவில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தயாரிப்புக் கம்பெனியை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். 2009-ல் தயாரான காரை 2011-ல் விற்ற கோவா வழக்கில், டீலர் செய்த தப்பு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டீலர் கையெழுத்துப் போட்ட தாள்கள்தான் உங்கள் பலம்.

மச்சான் வழக்குப் போடவில்லை. அவரிடம் இருந்தது ஒரு மொத்தத் தொகை ரசீது மட்டும். எந்த வருட வண்டி என்று எழுதிய கொட்டேஷன் எதுவும் அவர் வாங்கவில்லை.

டெலிவரி அன்னைக்கு என்ன பண்ணணும்?

பகலில் போங்கள். சாயங்காலம் லைட் போட்டுக் கொடுத்தால் பெயின்ட் தெரியாது. கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அவருக்கு அரை நாள் கூலி கொடுத்தாலும் சரி. இன்வாய்ஸ், பாலிசி, படிவம் 21, வரி ரசீது நான்கையும் மேசையில் பரப்பி, நான்கிலும் சேசிஸ் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கொட்டேஷனை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரசீதை வையுங்கள். ரசீது இல்லாத வரிக்கு அங்கேயே காசைத் திரும்பக் கேளுங்கள். மாலை போட்டு, சூடம் ஏற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு "சார், இதுல ஒரு கையெழுத்து" என்று நீட்டுவார்கள். வீட்டுப் பெண்கள் எல்லாம் நிற்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அந்த நேரத்தில் படிக்கக் கூச்சமாக இருக்கும். அது "எல்லாம் சரியாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாள். முதலில் அதைப் படித்து முடியுங்கள், எலுமிச்சம்பழம் பிறகு.

தாள்கள் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, மூலத்தை மஞ்சள் பையில் போட்டு, பையை வீட்டில் வையுங்கள். வண்டி டேஷ்போர்டில் வைத்தால் முதல் மழைக்கே மை கலைந்துவிடும்.